கொரியப் பாட்டி கொடுத்த பத்தியச் சாப்பாடு!



இப்போதெல்லாம் நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் கொரியத் தொடர்களைப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்த நூடுல்ஸ் வாங்கிக் கொடு, கிம்ச்சி வாங்கிக் கொடு" என்று நச்சரிக்கிறார்கள். நமக்கோ, "அவங்க கண்டதையும் சாப்பிடறவங்களாச்சே, அதையெல்லாம் நம்ம அடுப்புல ஏத்தறதா?" என்று முகம் சுளிக்கத் தோன்றுகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படி முகம் சுளித்தவள்தான். ஒரு கிண்ணம் சூப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பி, ஒரு வயதான அம்மாளின் மனதை நோகடித்தவள். அந்தக் கதையையும், அதே அம்மாளிடம் நான் கற்றுக்கொண்ட நாலு சமையல் குறிப்புகளையும் உங்களோடு பகிர்ந்து கொள்ளவே இதை எழுதுகிறேன்.

2007-ம் வருடம் என் கணவருக்கு தென் கொரியாவில், சுவோன் என்ற நகரத்தில் வேலை கிடைத்தது. தலைநகர் சியோலுக்குத் தெற்கே உள்ள ஊர். பழைய நகரைச் சுற்றி 1796-ல் கட்டி முடித்த பெரிய கல் கோட்டை இருக்கிறது. நாங்கள் இருந்தது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடி. எதிர் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர், கல்லூரியில் படிக்கும் பேத்தியோடு இருந்தார். கொரிய மொழியில் பாட்டியை 'ஹால்மொனி' என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை 'செதெக்' என்பார். புதுப்பெண் என்று அர்த்தம். மாடிப்படியில் பார்த்தால், "பாப் மொகொஸ்ஸொ?" என்று கேட்பார். வேறொன்றுமில்லை, "சாப்பிட்டாச்சா?" என்பதுதான். நம்மைப் போலவே அவர்களுக்கும் அதுதான் குசல விசாரிப்பு. அம்மாவை 'ஒம்மா' என்றும், அப்பாவை 'அப்பா' என்றும் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை ஒரு குழந்தை கடைத்தெருவில் "அப்பா!" என்று கத்தியபோது, நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன்!

2009 பிப்ரவரியில் எனக்குப் பிரசவம். அம்மா வருவதாக ஏற்பாடு. பாஸ்போர்ட், பிரசவ லேகியம், பூண்டு, சுக்கு எல்லாம் தயார். ஜனவரி கடைசியில் அப்பாவுக்கு திடீரென்று வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. "அப்பாவைப் பாரும்மா, நான் சமாளிச்சுக்கறேன்" என்று போனில் தைரியமாகச் சொல்லிவிட்டு, குளியலறையில் போய் அழுதேன்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று வேளையும் ஒரே சாப்பாடு. சோறு, கூடவே கறுப்பும் பச்சையுமாக ஏதோ வழவழவென்று மிதக்கும் சூப். அதில் மாட்டிறைச்சித் துண்டுகள். நான் பிறவியிலேயே சைவம். பிரெட், பால், வாழைப்பழம் என்று ஓட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதைதான். என் கணவருக்குத் தெரிந்ததெல்லாம் ரசம் ஒன்றுதான். அதுவும் இரண்டு நாள் நன்றாக வரும், மூன்றாம் நாள் புளித் தண்ணீராகிவிடும். பிள்ளைக்குப் பால் போதவில்லை. ராத்திரியெல்லாம் அழுகை. வெளியே பனி கொட்டுகிறது.

நாலாம் நாள் கதவு தட்டும் சத்தம். பாட்டி ஒரு பானையைத் துணியில் சுற்றிக்கொண்டு நிற்கிறார். "செதெக், மொகொ, மொகொ" என்கிறார். சாப்பிடு, சாப்பிடு என்று அர்த்தம். மூடியைத் திறந்தால் அதே கறுப்பு சூப், அதே இறைச்சி! எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "வேண்டாம்" என்று கையை ஆட்டி, கதவைப் பாதி சாத்திவிட்டேன். பாட்டியின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியும்.

"அக்கா, பாட்டி ராத்திரி பூரா தூங்கலை. 'குழந்தை அழறது எனக்குக் கேட்குது, அவ சாப்பிட மாட்டேங்கறாளே'ன்னு புலம்பிட்டே இருந்தாங்க" என்றாள். பிறகு பாட்டி சொல்லச் சொல்ல அவள் மொழிபெயர்த்தாள்.

1955-ம் வருடம். போர் நின்று இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பாட்டிக்கு 20 வயது, தலைப்பிரசவம். போன அறுவடை அரிசி தீர்ந்து, பார்லி இன்னும் விளையாத வசந்த காலம். அந்தப் பஞ்ச காலத்தை 'பார்லிக் கணவாய்' என்பார்களாம். மலையேறிக் கடப்பது போலக் கடக்க வேண்டிய மாதங்கள். மலைக்கீரையையும் பைன் மரத்தின் உள்பட்டையையும் வேகவைத்துச் சாப்பிட்டார்களாம். மாமியார் எங்கேயோ அலைந்து ஒரு கைப்பிடி கடல் கீரை வாங்கி வந்தார். சூப் வைத்தார்கள். கூடச் சாப்பிட ஒரு பிடி அரிசி இல்லை. பத்தே நாளில் பாட்டிக்குப் பால் வற்றிவிட்டது. அந்தக் குழந்தை நூறாவது நாளைப் பார்க்கவில்லை.

பேத்திக்கே அது புதிய செய்தி போலிருக்கிறது. சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, பாட்டியின் முகத்தைப் பார்த்தாள். எனக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. எழுந்து பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் மாமிசம், மீன் எதுவும் சாப்பிட மாட்டேன் ஹால்மொனி, அதனாலதான்" என்றேன். பேத்தி சொன்னதும் பாட்டி முழங்காலைத் தட்டிச் சிரித்துவிட்டார். "அட, கோயில் சாப்பாடு! இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார்.

கொரியாவில் புத்த பிக்குகளும் பிக்குணிகளும் இறைச்சி, மீன் சேர்க்காமல் சமைத்துச் சாப்பிடும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. பூண்டு, வெங்காயம்கூட அவர்கள் சேர்ப்பதில்லை. பாட்டி கோயிலுக்குப் போகிறவர். மறுநாள் காலை அதே கடல் கீரை, இறைச்சிக்குப் பதில் காளான் வேகவைத்த தண்ணீரில், வறுத்த விதைப்பொடி தூவி, வெள்ளை வெளேரென்று பால் போல வந்தது. சோற்றைப் போட்டுக் கரைத்துச் சாப்பிட்டேன். மிதமான உப்பு, எள் வாசனை. பிரசவமான வயிற்றுக்கு அது எத்தனை இதம்! கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தால், பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்றிலிருந்து 21 நாள். ஏன் 21 தெரியுமா? 'மூவேழு நாள்' என்பது அவர்கள் பத்தியக் கணக்கு. அந்தக் காலத்தில் அந்த 21 நாளும் வாசலில் வைக்கோல் கயிறு கட்டி, வெளியாட்களை உள்ளே விட மாட்டார்களாம். ஆண் குழந்தை என்றால் கயிற்றில் சிவப்பு மிளகாய், பெண் குழந்தை என்றால் பைன் இலை, கரி. நம் ஊரில் வாசலில் வேப்பிலை செருகுவதில்லையா, அதே மாதிரிதான்! தாய்க்குக் குளிர்ந்த தண்ணீர் கூடாது, காற்று படக் கூடாது, காலில் சாக்ஸ் இல்லாமல் நடக்கக் கூடாது. அங்கே வீட்டுத் தரைக்கு அடியிலேயே சூடு ஓடும்படி அமைத்திருப்பார்கள். அந்தச் சூடான தரையில் மெத்தை விரித்து என்னைப் படுக்க வைத்துவிட்டு, "செதெக் இல்லை, இனிமே நீ ஏகி ஒம்மா" என்றார். பாப்பா அம்மா!

பால் சுரந்தது. சூப்பினாலா, வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிட்டதாலா, மனசு நிம்மதியானதாலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுத்தாலே சுரக்கும் என்பதுதான் டாக்டர் சொன்னது. நூறாவது நாள் அன்று பாட்டி வெள்ளை அரிசி மாவை ஆவியில் வேகவைத்து, பெரிய தட்டு நிறையக் கொண்டுவந்தார். நூறு நாள் தாண்டிய பிள்ளை பிழைத்த பிள்ளை என்று கொண்டாடுவது அவர்கள் வழக்கம். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தோம். பாட்டி என் பெண்ணைக் கையில் வாங்கியவர், வெகு நேரம் கீழே விடவில்லை.

நாங்கள் 2014-ல் திருச்சிக்குத் திரும்பும் வரை அவர் அடுப்படிதான் எனக்குப் பள்ளிக்கூடம். ஒரு தடவைகூட அவர் அளவு சொன்னதில்லை. "கை சொல்லும்" என்பார். நாம் கைமணம் என்கிறோமே, அதற்கு அவர்களிடம் 'சொன்மாட்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. சொன் என்றால் கை, மாட் என்றால் ருசி!

அவர்கள் தினசரிச் சாப்பாடு நம்முடையதைப் போலத்தான். நடுவில் சோறு. பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப். சுற்றிலும் சின்னச் சின்னத் தட்டில் காய், கீரை, ஊறுகாய் வகைகள். இவற்றை 'பன்ச்சன்' என்பார்கள். சோற்றையும் சூப்பையும் கரண்டியால் சாப்பிட வேண்டும், மற்றதை குச்சியால் எடுக்க வேண்டும். வீட்டுப் பெரியவர் கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள்.

நம் அடுப்புக்கு ஏற்றபடி நான் மாற்றிக்கொண்ட அளவுகளைக் கீழே தந்திருக்கிறேன். ஒரு முக்கியமான விஷயம். அவர்கள் எள்ளை வறுத்துப் பிறகு எண்ணெய் எடுக்கிறார்கள். நம் நல்லெண்ணெயில் அந்த வறுத்த வாசனை இருக்காது. அதனால் நல்லெண்ணெய் ஊற்றி, வறுத்துப் பொடித்த எள்ளைக் கடைசியில் தூவினால் அதே மணம் வந்துவிடும்.

1. கடல் கீரை சூப் - மியோக்குக்

தேவையான பொருட்கள்: காய்ந்த மியோக் கீரை 20 கிராம், நல்லெண்ணெய் 1 மேஜைக் கரண்டி, நசுக்கிய பூண்டு 4 பல், சோயா சாஸ் 2 தேக்கரண்டி, காளான் 5, வறுத்துப் பொடித்த வெள்ளை எள் 3 மேஜைக் கரண்டி, உப்பு.

செய்முறை: கீரையை நிறையத் தண்ணீரில் 20 நிமிடம் ஊற வையுங்கள். பிடியளவு கீரை பாத்திரம் நிறைய உப்பிவிடும், பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து, சிறிதாக நறுக்குங்கள். எண்ணெயில் பூண்டு, கீரை, சோயா சாஸ் சேர்த்து ஐந்து நிமிடம் வதக்கி, ஆறு டம்ளர் தண்ணீரும் காளானும் போட்டு, சிறு தீயில் அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். எள்ளுப் பொடியைக் கரைத்து ஊற்றி, உப்பு பார்த்து இறக்குங்கள். அங்கே எள்ளுக்குப் பதில் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் விதையைப் பொடித்துப் போடுவார்கள்.

இது நாம் ஜெல்லி செய்யும் கடல்பாசி இல்லை. வேறு வகை. சென்னைப் பக்கம் கொரிய கார் தொழிற்சாலை வந்த பிறகு, சென்னையில் கொரியக் கடைகளும் வந்துவிட்டன. அங்கே 'மியோக்' என்று கேட்டால் கிடைக்கும். இன்னொரு எச்சரிக்கை. இதில் அயோடின் மிக அதிகம். தைராய்டு தொந்தரவு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். நான் சாப்பிட்டது போல தினமும் சாப்பிட வேண்டாம்.

2. பசலைக்கீரை நாமுல்

தேவையான பொருட்கள்: பாலக் கீரை ஒரு கட்டு, பூண்டு 2 பல், சோயா சாஸ் 1 தேக்கரண்டி, நல்லெண்ணெய் 2 தேக்கரண்டி, வறுத்த எள் 1 தேக்கரண்டி.

செய்முறை: கொதிக்கும் உப்புத் தண்ணீரில் கீரையை முழுதாகப் போட்டு, ஒரே நிமிடத்தில் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். நிறம் மாறாது. நன்றாகப் பிழிந்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, மற்றதெல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசறுங்கள். கரண்டி போட்டால் பாட்டி அடிக்க வருவார்! முளைகட்டிய பயறு, கேரட், வெள்ளரி எல்லாவற்றையும் இப்படிச் செய்யலாம். இவற்றைச் சூடான சோற்றின் மேல் வட்டமாக அடுக்கி, மிளகாய் விழுது சேர்த்துப் பிசைந்தால் அதுதான் பிபிம்பாப். மீந்துபோன காய்களைத் தீர்க்க அருமையான வழி.

3. பரங்கிக்காய்க் கஞ்சி - ஹோபாக்ஜுக்

தேவையான பொருட்கள்: தோல் சீவிய மஞ்சள் பரங்கிக்காய் அரை கிலோ, அரிசி மாவு 4 மேஜைக் கரண்டி, சர்க்கரை 2 மேஜைக் கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, வேகவைத்த காராமணி ஒரு பிடி.

செய்முறை: பரங்கிக்காயைக் குழைய வேகவைத்து மசித்து, மூன்று டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதிக்க விடுங்கள். அரிசி மாவை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, அடி பிடிக்காமல் கிளறுங்கள். கெட்டியானதும் சர்க்கரை, உப்பு, காராமணி சேர்த்து இறக்குங்கள். பிரசவித்தவர்களுக்கு உடம்பு வீக்கம் வடியும் என்று அங்கே கொடுப்பார்கள். வயதானவர்களுக்கும், பல் முளைக்காத குழந்தைகளுக்கும்கூட நல்லது. கைக்குழந்தைக்கு என்றால் உப்பும் சர்க்கரையும் போடாமல், காராமணியை விட்டுவிட்டுச் செய்யுங்கள்.

4. சைவ கிம்ச்சி

கடைக் கிம்ச்சியில் பெரும்பாலும் இறால் அல்லது மீன் சேர்த்திருப்பார்கள். சைவக்காரர்கள் வீட்டில் செய்துகொள்வதே நல்லது.

தேவையான பொருட்கள்: முட்டைகோஸ் 1 கிலோ, கல் உப்பு கால் கப், முள்ளங்கி 1, வெங்காயத் தாள் 4, காரம் குறைந்த காஷ்மீரி மிளகாய்த் தூள் 3 மேஜைக் கரண்டி, பூண்டு 8 பல், இஞ்சி ஒரு துண்டு, சோயா சாஸ் 1 மேஜைக் கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, அரிசி மாவு 1 மேஜைக் கரண்டி.

செய்முறை: கோஸைப் பெரிய துண்டுகளாக்கி, உப்பு பிசறி இரண்டு மணி நேரம் வையுங்கள். நடுவில் புரட்டிவிடுங்கள். வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும். அதுதான் பதம். இரண்டு முறை அலசி, அரை மணி நேரம் வடிய விடுங்கள். அரிசி மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி ஆற வைத்து, அதில் அரைத்த இஞ்சி பூண்டு, மிளகாய்த் தூள், சோயா சாஸ், சர்க்கரை கலக்குங்கள். கோஸ், முள்ளங்கிக் குச்சிகள், வெங்காயத் தாள் சேர்த்துப் பிசறி, கண்ணாடி ஜாடியில் அழுத்தி நிரப்புங்கள். மேலே இரண்டு அங்குலம் காலியாக விடுங்கள், பொங்கும். நம் வெயிலுக்கு ஒரு நாள் வெளியில் வைத்தால் போதும், பிறகு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். முதல் சில நாட்கள் தினமும் ஒரு முறை மூடியைத் திறந்து மூடுங்கள். ஈரக் கரண்டி கூடாது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஊறுகாய் மாதிரி கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே குளிர் தொடங்கும் நவம்பர் கடைசியில், வீட்டுப் பெண்களும் அக்கம்பக்கத்தாரும் கூடி உட்கார்ந்து குளிர்காலம் முழுவதற்குமான கிம்ச்சியைப் போடுவார்கள். அதற்குக் கிம்ஜாங் என்று பெயர். நம் வீடுகளில் கோடையில் வடாம் போட எல்லாரும் மொட்டை மாடியில் கூடுவோமே, அதே கலகலப்புதான். போட்டு முடித்ததும் வீட்டுக்கு வீடு பங்கு போகும். இந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2013-ல் அருவக் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரும்புக் கை மாதிரி விறைத்துப்போகும் குளிரில், நானும் கையுறை மாட்டிக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பிசறியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொரியாவில் பிறந்த நாளன்று காலையில் கேக் இல்லை, இதே மியோக்குக்தான்! "உன்னைப் பெத்த அன்னைக்கு உங்க அம்மா சாப்பிட்டது. அவ பட்ட பாட்டை நினைச்சுக்கிட்டு சாப்பிடணும்" என்று பாட்டி சொல்வார். பரீட்சை நாளில் மட்டும் யாரும் தொட மாட்டார்கள். வழுக்கி விழுந்துவிடுவோமாம்!

என் பெண் இப்போது மேல்நிலைப் பள்ளி மாணவி. அவள் பிறந்த நாளுக்கு வருடா வருடம் இந்த சூப் உண்டு. அப்பா காலமான பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறார். போன வருடம் என் பிறந்த நாளுக்கும் வைத்து, முதல் கிண்ணத்தை அம்மாவிடம் கொடுத்தேன். பாட்டி சொன்ன அர்த்தத்தையும் சொன்னேன். ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் வந்து செய்ய வேண்டியதை எல்லாம் அந்தம்மா செஞ்சிருக்காங்க. அவங்களுக்கு நான் ஒரு வார்த்தை நன்றிகூட சொல்லலையேடி" என்றார். அவர் குரல் கம்மிவிட்டது. அன்று சாயங்காலமே பேத்தியைப் போனில் பிடித்தோம். 90 வயதை நெருங்கிய பாட்டிக்குக் காது மந்தம். அம்மாவுக்குக் கொரிய மொழியில் தெரிந்தது நான் சொல்லிக்கொடுத்த ஒரே வரி. அதையே உரக்கக் கேட்டார்:

"பாப் மொகொஸ்ஸொயோ?"

அந்தப் பக்கம் பாட்டி சிரித்த சிரிப்பு, எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கக் கேட்டது.

சகோதரிகளே, உங்கள் பெண் கொரியச் சாப்பாடு கேட்டால் திட்டாதீர்கள். பாக்கெட் நூடுல்ஸை வாங்கிக் கொடுத்தும் அனுப்பிவிடாதீர்கள். மேலே சொன்ன நாலில் ஒன்றை அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். அப்படியே, உங்கள் எதிர் வீட்டிலோ மாடி வீட்டிலோ, தாய் வீட்டுத் துணையில்லாமல் ஒரு வெளியூர்ப் பெண் பிள்ளை பெற்று வந்திருந்தால், ஒரு பாத்திரத்தை மூடிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். அவள் முதல் நாள் வேண்டாம் என்றாலும், மறுநாளும் போங்கள்.

- ஒரு வாசகி, திருச்சி.